ஸ்மார்ட் எக்ஸ்டென்ஷன் போர்டில் மோடமும் ரவுட்டரும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இணையம் வரவில்லை என்று என்னை அழைக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காண்பது ஒரே அமைப்பைத்தான். ஃபைபர் மோடம், வைஃபை ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் அடாப்டர்கள் அனைத்தும், செல்பேசி ஆப்பிலிருந்து இயக்கக்கூடிய ஒரு ஸ்மார்ட் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகப்பட்டிருக்கும். இணையம் நின்றவுடன் புகார் இணைய நிறுவனத்துக்குப் போகிறது. அவர்களுடைய ஆள் வந்து பார்த்து, லைனில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். பழுதோ போர்டிலோ, அதன் அமைப்புகளிலோ, ஓர் அடாப்டரிலோ இருந்துகொண்டே இருக்கிறது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம், ஆனால் அதற்கு முன் பின்வரும் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: போர்டை விலக்கிப் பாருங்கள்

மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டர்களையும் போர்டிலிருந்து உருவி, சுவரில் உள்ள சாதாரண சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்பதைச் செல்பேசி சார்ஜரைச் செருகி முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மோடம் முழுமையாக எழுந்து நிலைபெற மூன்று நிமிடம்வரை ஆகலாம் என்பதால் அவசரப்பட்டு நடுவில் அணைக்கக் கூடாது.

பிழை அப்படியே இருந்தால் போர்டின் மேல் சந்தேகம் வேண்டாம். "விளக்குகள் எரிகின்றன, இணையம் இல்லை" என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பிழை மறைந்துவிட்டால் காரணம் போர்டில்தான் இருக்கிறது. விட்டு விட்டு வரும் பிழையாக இருந்தால், வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வருமோ அதைவிடச் சற்றுக் கூடுதலான காலம் சுவர்ச் சாக்கெட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

## ஆப்பில் ரவுட்டரை அணைத்தேன். மீண்டும் ஆன் செய்ய முடியவில்லை

இது பழுதே அன்று. போர்டுக்கு வரும் கட்டளை அந்த ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது. ரவுட்டர் அணைந்த கணத்தில் போர்டுக்கு வைஃபை போய்விடுகிறது. "ஆன்" என்ற அடுத்த கட்டளை வந்து சேர வழியே இல்லை.

வீட்டில் ஆள் இருந்தால், போர்டில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். பல போர்டுகளில் ஒரே பொத்தான் எல்லாச் சாக்கெட்டுகளையும் சேர்த்து ஆன் செய்யும் அல்லது அணைக்கும். எனவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேமரா ரெக்கார்டர் இதனால் அணைந்துபோகலாம். அப்படியானால் இன்னொரு முறை அழுத்த வேண்டும். பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் பெரும்பாலான போர்டுகளில் நீண்ட அழுத்தம் வைஃபை இணைப்பையே அழித்துப் புதிதாக இணைக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். ப்ளூடூத்தும் உள்ள சில போர்டுகளில், அதே அறையில் செல்பேசியுடன் நின்றால் வைஃபை இல்லாமலும் ஆப் வேலை செய்யும்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் தொலைவிலிருந்து செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இது மறுபடி நேராமல் இருக்க ஒரே வழி, மோடத்தையும் ரவுட்டரையும் ஆப் தொடாத சாக்கெட்டுக்கு மாற்றுவதுதான். சில போர்டுகளில் எப்போதும் ஆனில் இருக்கும் சாக்கெட் ஒன்று தனியாக உண்டு. அது இல்லையென்றால் சுவர்ச் சாக்கெட்டே போதும். தொலைவிலிருந்து ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதென்றால், "அணை" என்பதோடு "இத்தனை நிமிடம் கழித்து ஆன் செய்" என்பதையும் போர்டே தன் நினைவில் வைத்துக்கொள்ளும் டைமர் வசதி இருக்க வேண்டும். அணைப்பதற்கு முன்பே அந்த ஆன் டைமரை ஓடவிட்டு, நீங்கள் வீட்டில் இருக்கும்போது பகலில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில ஆப்களில் நேர அட்டவணை போர்டில் இல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அதிகாலை 4 மணிக்கு அணை, 4.05க்கு ஆன் செய் என்று அதில் எழுதினால் முதற்கட்டளை வந்து சேரும், இரண்டாவது வராது.

இன்னொன்றையும் கவனத்தில் வைக்க வேண்டும். ஃபைபர் இணைப்புடன் வரும் லேண்ட்லைன் தொலைபேசி அந்த மோடம் வழியாகவே பேசுகிறது. முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் மோடத்தை ஆப்பில் அணைத்தால், 108க்கு அழைக்க அவர்கள் எடுக்கும் தொலைபேசியும் ஊமையாகிவிடும். இதை நான் எல்லா வீட்டிலும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

## மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்துவிட்டது, ரவுட்டர் எழவில்லை

போர்டில் விளக்கு எரிகிறது, சாக்கெட்டில் மின்சாரம் இல்லை. ஆப்பின் அமைப்புகளில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி இருக்கும். 'பவர் ஆன் ஸ்டேட்', 'ரிலே ஸ்டேட்டஸ்' போன்ற பெயர்களில் வரும் அதில் ஆன், ஆஃப், கடைசி நிலை என மூன்று தேர்வுகள் இருப்பது வழக்கம். புதிய போர்டு சில வேளைகளில் 'ஆஃப்' என்றே அமைக்கப்பட்டு வருகிறது. ரவுட்டர் செருகிய சாக்கெட்டுக்கு 'ஆன்' என்று மாற்றுங்கள். 'கடைசி நிலை' என்பதை நான் பரிந்துரைப்பதில்லை. யாராவது தவறுதலாக அணைத்த பின் மின்வெட்டு வந்தால், அணைந்த நிலையையே அது காப்பாற்றிக்கொண்டிருக்கும். சாக்கெட் வாரியாக மாற்ற முடியாமல் போர்டு முழுவதற்கும் ஒரே தேர்வுதான் இருக்கிறதென்றால், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாதனம் எதுவும் அதே போர்டில் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே 'ஆன்' வையுங்கள். ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் வந்ததும் அவையும் சேர்ந்து சூடேறத் தொடங்கும்.

போர்டில் விளக்கே இல்லை. சுவர் சுவிட்ச், போர்டின் பக்கவாட்டில் உள்ள ஓவர்லோடு பொத்தான், மீட்டர் பெட்டியில் அந்த அறைக்கான எம்சிபி (சுமை மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து, அதே சுவர்ச் சாக்கெட்டில் வேறு சாதனம் ஓடுகிறதென்றால் போர்டின் உள்ளே பியூஸோ மின்சுற்றோ போய்விட்டது. உறையைத் திறந்து சாலிடர் செய்ய முயலாமல் மாற்றிவிடுவதே சரி.

போர்டு, சாக்கெட் இரண்டும் சரி. ரவுட்டர் அடாப்டர் மட்டும் இறந்துவிட்டது. கரண்ட் திரும்பும் கணத்தில் வரும் திடீர் மின்னழுத்த ஏற்றத்தில் (சர்ஜ்) பழைய அடாப்டர்கள் போவது இயல்பு. அடாப்டரின் லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைப் படித்து, அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் அளவு, அதே துருவக் குறி (+, − எந்தப் பக்கம் என்று காட்டும் படம்) கொண்டதை வாங்குங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகக் கூடாது.

## ரவுட்டர் எழுந்துவிட்டது. ஆப்பில் போர்டு 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது

மின்வெட்டுக்குப் பிறகு போர்டு சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது, ரவுட்டருக்கோ ஓரிரு நிமிடம் தேவைப்படுகிறது. அந்த இடைவெளியில் வைஃபையைத் தேடிக் களைத்த சில மலிவான போர்டுகள் அதன் பிறகு தேடுவதையே விட்டுவிடுகின்றன. ரவுட்டர் முழுமையாக எழுந்தபின் போர்டை மட்டும் சுவரில் அணைத்துப் பத்து நொடி கழித்து ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். ரவுட்டரும் அதே போர்டில் இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது, ஏனென்றால் இரண்டும் மறுபடி ஒன்றாக எழும்; பிரித்து வைக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியும் வரவில்லையென்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் போர்டு இருந்து ஆப்பில் மட்டும் ஆஃப்லைன் என்றால் குறை நிறுவனத்தின் சர்வரில் இருக்கலாம். சில மணி நேரம் பொறுத்திருங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால், அண்மையில் ரவுட்டரை மாற்றினீர்களா, கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுத்துவிட்டால், போர்டு, கேமரா, பல்பு அனைத்தும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

## புதிய போர்டு வைஃபையில் சேர மறுக்கிறது

இப்போது சந்தையில் உள்ள ஸ்மார்ட் போர்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து ஒளிபரப்புகின்றன. ரவுட்டர் அமைப்பில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரித்து, செல்பேசியை 2.4இல் சேர்த்துவிட்டு முயலுங்கள். இணைத்து முடிந்தபின் பெயரை மறுபடி ஒன்றாக்கலாம்.

அதிலும் சேரவில்லையென்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்பதிலிருந்து டபிள்யூபிஏ2வும் சேர்ந்ததாக மாற்றுங்கள். செல்பேசியில் விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள், ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுங்கள், போர்டை விருந்தினர் வைஃபையில் சேர்ப்பதைத் தவிருங்கள். போர்டின் விளக்கு வேகமாக மின்னுவதும் மெதுவாக மின்னுவதும் பல வகைகளில் இரு வேறு இணைப்பு முறைகளைக் குறிக்கும். ஒன்றில் சேரவில்லையென்றால் பொத்தானை மறுபடி அழுத்திப் பிடித்து மற்றதற்கு மாற்றிப் பாருங்கள்.

## ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எழுகிறது

எப்போது அணைகிறது என்பதை ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் வழி பிரிக்கும்.

தினமும் ஒரே நேரத்தில் அணைகிறது. ஆப்பில் அட்டவணை, டைமர், தானியங்கிக் கட்டளை மூன்றையும் திறந்து பாருங்கள். வீட்டில் இன்னொருவருடைய செல்பேசியிலிருந்தும் போர்டு பகிரப்பட்டிருக்கலாம். பிள்ளைகள் இரவில் கைப்பேசி பார்க்காமல் இருக்கப் பெற்றோரில் ஒருவர் வைத்த அட்டவணையை மற்றவர் பழுது என்று நினைத்துப் புகார் கொடுப்பது நடக்கத்தான் செய்கிறது.

டிவியை அணைத்ததும் ரவுட்டரும் அணைகிறது. இது மின்சாரம் மிச்சப்படுத்தும் வகைப் போர்டு. ஒரு சாக்கெட்டைத் தலைமைச் சாக்கெட்டாகக் கொண்டு, அதில் மின்னோட்டம் குறைந்ததும் மற்றச் சாக்கெட்டுகளைத் துண்டித்துவிடும். ரவுட்டரைத் துண்டிக்கப்படாத சாக்கெட்டுக்கு மாற்றினால் பிழை தீர்ந்தது. ரவுட்டரைத் தலைமைச் சாக்கெட்டில் செருகவும் கூடாது. அது எடுக்கும் சில வாட் மின்சாரத்தைப் போர்டு 'அணைந்துவிட்டது' என்று எண்ணி, மற்றவற்றைத் துண்டித்துவிடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் அணைகிறது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முன்பக்கத்தில் 'யூபிஎஸ்', 'ஈகோ' என்று இரு நிலைகள் கொண்ட சிறிய சுவிட்ச் இருந்தால் அதை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளுங்கள். மாறும் இடைவெளி குறையும். அப்படியும் அணைந்தால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் பேட்டரியில் ரவுட்டரை ஓட்டும் சிறு பெட்டி) ஒன்று போடுவதே நிரந்தரத் தீர்வு. மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் தாங்கக்கூடியதாக, அவற்றின் வோல்ட் பார்த்து வாங்க வேண்டும்.

யாரோ மேசையை அசைத்தால், பெருக்கும்போது தட்டினால் அணைகிறது. எல்லா வகைப் பின்னும் நுழையும்படி அகலமாகத் துளையிடப்பட்ட சாக்கெட்டுகளில், நம் ஊர் உருண்டைப் பின் இறுகப் பிடிபடுவதில்லை. அடாப்டரை உருவிப் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை பளபளப்பாக இருக்க வேண்டும். பின்னின் ஒரு பக்கத்தில் மட்டும் கரும்புள்ளியோ பழுப்பு வளையமோ இருந்தால், அங்கே தளர்ந்த தொடுகையில் பொறி பறந்துகொண்டிருந்திருக்கிறது. பின்னைத் தேய்த்துத் துடைத்துவிட்டு அதே சாக்கெட்டில் மறுபடி செருகுவது தீர்வன்று. அந்தச் சாக்கெட்டைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அணைகிறது. இரவில் எல்லோரும் வீடியோ பார்க்கும்போது அதிகம். அடாப்டர் முதுமையடைந்துவிட்டது. பல ஆண்டுகள் வெப்பத்தில் ஓடியதில் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வறண்டு, சுமை கூடும்போது மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போகிறது. மல்டிமீட்டரில் அளந்தால் சுமையில்லாத நிலையில் 12 வோல்ட் சரியாகவே காட்டும்; அதை நம்பி ஏமாற வேண்டாம். ஒத்த அளவுள்ள வேறோர் அடாப்டரை ஓரிரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை. புது அடாப்டரிலும் தொடர்ந்தால் ரவுட்டரே பழுது.

பலரும் இந்தப் பிழைக்குக் குறைந்த வோல்ட்டேஜைக் காரணம் காட்டுவார்கள். பெரும்பாலான அடாப்டர்களின் லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். விசிறி மெதுவாகச் சுற்றும் அளவுக்கு வோல்ட்டேஜ் குறைந்தாலும் அவை தாக்குப்பிடிக்கும். அஞ்ச வேண்டியது எதிர்ப்பக்கத்தை. விசிறி திடீரென்று வேகமெடுத்து, பல்புகள் கண்ணைக் கூசும்படி எரிந்தால் தெருவிலோ வீட்டிலோ நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) துண்டிக்கப்பட்டிருக்கக்கூடும். உடனே மெயினை அணையுங்கள். பக்கத்து வீடுகளிலும் அப்படியே இருந்தால் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987க்கு அழையுங்கள், உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அந்த மிகை மின்னழுத்தத்தில் போர்டின் உள்ளே இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு உறுப்பு ஒருமுறை எரிந்துவிட்டால், போர்டு வழக்கம்போல் ஓடினாலும் பாதுகாப்பு இராது. 'புரொடெக்டட்' என்ற விளக்கு உள்ள போர்டில் அது அணைந்திருந்தால் போர்டை மாற்றுங்கள்.

## ஆப்பில் 'ஆஃப்' கொடுத்தேன், ரவுட்டர் அணையவில்லை

முதலில் அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே மினி யூபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது; பேட்டரிதான் ரவுட்டரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மினி யூபிஎஸ் போட்ட வீட்டில் ஆப் மூலம் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்ய முடியாது. ரவுட்டரின் சொந்த ஆப்பிலோ அமைப்புப் பக்கத்திலோ உள்ள 'ரீபூட்' பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, ஆப்பில் சாக்கெட்டின் பெயர் மாறியிருக்கலாம். ரவுட்டர் இரண்டாம் சாக்கெட்டில் இருக்க, ஆப்பில் மூன்றாவதற்கு அந்தப் பெயர் வைத்திருப்பார்கள். ஒரு செல்பேசி சார்ஜரை ஒவ்வொரு சாக்கெட்டாகச் செருகிப் பார்த்துப் பெயர்களைத் திருத்துங்கள்.

இரண்டும் இல்லையென்றால் காதைப் போர்டின் அருகே வைத்து, ஆப்பில் அணையுங்கள். 'டிக்' என்ற சிறு ஓசை கேட்க வேண்டும். ஓசை இல்லையென்றாலும், ஓசை கேட்டும் சார்ஜருக்கு மின்சாரம் தொடர்ந்தாலும், உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் போர்டு எதற்கும் நம்பத்தக்கதன்று, மாற்றியே ஆக வேண்டும்.

கேமரா ரெக்கார்டரையும், கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டியையும் ஆப்பில் பட்டென்று அணைக்காதீர்கள். அவற்றின் மெனுவில் 'ஷட்டவுன்' கொடுத்து, உள்ளே வட்டு சுழலும் ஓசை நின்ற பிறகு மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

## விளக்குகள் எரிகின்றன, இணையம் இல்லை

மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. போர்டையும் அடாப்டரையும் மாற்றிப் பயனில்லை. மோடத்தின் பின்னால் மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் வரும் மெல்லிய ஃபைபர் கம்பி, போர்டை நகர்த்தியபோது அதன் அடியில் நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பை மெதுவாக நிமிர்த்தி அகன்ற வளையமாக விடுங்கள். பச்சை முனையை உருவித் துணியால் துடைக்க வேண்டாம், முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் வேண்டாம். விளக்கு அணையவில்லையென்றால் இணைய நிறுவனத்தை அழைத்து "எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது" என்ற சொற்களையே சொல்லுங்கள்.

ஃபைபர் இணைப்பு சரியாக இருப்பதைக் காட்டும் 'பான்' விளக்கு நிலையாக எரிந்து, இணையம் மட்டும் இல்லையென்றால் மோடத்தை முதலில் ஆன் செய்து, அது நிலைபெற்றபின் ரவுட்டரை ஆன் செய்யுங்கள். இடியுடன் மழை பெய்த மறுநாள் இப்படி நேர்ந்தால், மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்கும் லேன் கேபிளை வேறு லேன் துளையில் (லேன் போர்ட்) மாற்றிச் செருகிப் பாருங்கள். மாடியில் உள்ள கேமராவிலிருந்து வரும் செம்புக் கேபிள் வழியாக இறங்கும் சர்ஜ் லேன் போர்ட்டை மட்டும் எரித்துவிட்டுப் போகும். போர்டில் உள்ள சர்ஜ் பாதுகாப்பு அந்த வழியைக் காப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி தொடங்கும் முன் அடாப்டரோடு அந்தக் கேபிளையும் உருவி வைப்பது நல்லது.

## போர்டு சூடாகிறது, ரீங்கரிக்கிறது, வாடை வருகிறது, ட்ரிப் ஆகிறது

இங்கே படிப்படியான சோதனை கிடையாது. வாடையோ பழுப்பு நிறமோ தெரிந்தால் சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்சே சூடாக இருந்தால் அதைத் தொடாமல் எம்சிபியை அணையுங்கள். அந்தப் போர்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

காரணம் பெரும்பாலும் ரவுட்டர் அன்று. ரவுட்டரும் மோடமும் சேர்ந்தாலும் ஒரு சிறிய பல்பு அளவுக்கே மின்சாரம் எடுக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.3 ஆம்பியரும், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியரும் எடுக்கும். போர்டின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், அது செருகப்பட்டிருக்கும் சுவர்ச் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது என்றால் அதுதான் எல்லை. ஒரு போர்டில் இன்னொரு போர்டைச் செருகியிருந்தால் உடனே பிரியுங்கள்.

ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறதென்றால் போர்டில் உள்ள அனைத்தையும் உருவிவிட்டு, வெறும் போர்டை மட்டும் ஆன் செய்து பாருங்கள். அப்போதும் ட்ரிப் ஆனால் குறை போர்டில். இல்லையென்றால் ஒவ்வோர் அடாப்டராகச் செருகி, எதில் விழுகிறது என்று கண்டுபிடித்து அதை ஒதுக்குங்கள். போர்டையும் உருவிவிட்டு, சுவர்ச் சாக்கெட்டில் எதையும் செருகாத நிலையிலேயே ட்ரிப் ஆனாலோ, ரவுட்டரின் உலோகப் பகுதியைத் தொட்டால் கையில் சுருக்கென்று ஷாக் அடித்தாலோ, டெஸ்டரை நியூட்ரல் துளையில் வைக்கும்போது எரிந்தாலோ வீட்டு வயரிங்கிலோ எர்த்திலோ குறை இருக்கிறது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தச் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட்டேஜையும், எர்த் குழிவரை கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பதையும் அளந்து சொல்லும்படி கேளுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அந்தச் சாக்கெட்டில் எதையும் செருகக் கூடாது. மோடத்தை வேறு அறையில், வேறு எம்சிபியில் ஓடும் சாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.